நடுப்பகலில் திரும்பிவர ஓர் அறை

குடும்பத்தோடு வேற்றூரில் அருங்காட்சியகம் பார்க்க சனி, ஞாயிறு போவதென்று முடிவானதும் பெரும்பாலான வீடுகளில் வேலை ஒரே வரிசையில்தான் நடக்கிறது. முதலில் ரயில் டிக்கெட்டோ விமான டிக்கெட்டோ எடுக்கிறோம். பிறகு எதையெதைப் பார்ப்பது என்று பட்டியல் போடுகிறோம். தங்குமிடத்தைக் கடைசியாக, கண் சொருகும் ஓர் இரவில், விலையையும் நான்கு படங்களையும் பார்த்து முடிவு செய்கிறோம். "தூங்கத்தானே போகிறோம், எங்கே இருந்தால் என்ன?" என்று யாராவது ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள். தனியாகப் போகிறவருக்கு அந்த வாதம் சரி. ஆறு வயதுப் பிள்ளையும் எழுபதைத் தாண்டிய அம்மாவும் கூட வருகிறபோது அது கொஞ்சமும் சரியில்லை.

ஓர் அறையைத் தேடும்போது நான் கேட்டுக்கொள்கிற முதல் கேள்வி இதுதான்: பகல் பன்னிரண்டரைக்கு இங்கே திரும்பி வந்து, இரண்டு மணி நேரம் கால் நீட்டிப் படுத்துவிட்டு, மாலை மறுபடியும் அருங்காட்சியகத்துக்குப் போக முடியுமா? முடியும் என்றால் அறை சின்னதாக இருந்தாலும் எடுத்துக்கொள்வேன். முடியாது என்றால் ஜன்னல் வழியே ஆறு தெரிந்தாலும் வேண்டாம். மற்ற எல்லாவற்றையும் இந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான் பார்க்கிறேன்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், அருங்காட்சியகம் உடம்பை அசதியாக்குகிற விதம் வேறு. கடைத்தெருவிலோ பூங்காவிலோ நடப்பதைப் போன்றதல்ல அது. நான்கடி நடக்கிறோம், நிற்கிறோம், குனிகிறோம், நிமிர்கிறோம், மறுபடியும் நான்கடி. கல் தரை. கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே பொடி எழுத்தில் விளக்கம். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் செயலராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் இந்தக் களைப்பைப் பற்றி 1916இலேயே எழுதினார். காட்சிப் பொருள்களைக் கூர்ந்து பார்க்கும்படி ஒருவரிடம் சொல்லி, அதற்காக அவர் எப்படியெல்லாம் வளைந்து, குனிந்து, மண்டியிட வேண்டியிருக்கிறது என்பதைப் படமெடுத்து வெளியிட்டார். பெட்டியை வைத்த உயரமும் விளக்க அட்டையை ஒட்டிய இடமும்தான் பார்ப்பவரின் முதுகைப் பதம் பார்க்கின்றன என்பது அவர் வாதம். அவருக்குப் பின் பார்வையாளர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். முதல் அரை மணி நேரம் வரைதான் ஒவ்வொன்றின் முன்னும் நின்று பார்க்கிறார்கள். அதன் பிறகு நடை வேகமாகிறது, அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நிற்கிறார்கள். வளர்ந்தவர்களுக்கே இந்த நிலை என்றால் குழந்தைக்கும் முதியவருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இது எங்கள் வீட்டில் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். பன்னிரண்டு மணி வாக்கில் மகன் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவான். காலையில் "இது யாருடைய வாள்? உண்மையிலேயே வெட்டினார்களா?" என்று ஓயாமல் கேட்டவன், இப்போது அறையின் நடுவே உள்ள பெஞ்சில் குப்புறப் படுத்து, ஒரு காலணியைக் கழற்றி, அதன் நாடாவை விரலில் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருப்பான். அம்மா எதுவும் சொல்ல மாட்டார். பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்து, புடவைக்கு மேலாக முழங்காலை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, "நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் இவனைப் பார்த்துக்கொள்கிறேன்" என்பார். அந்த வாக்கியத்துக்கு எனக்குப் பொருள் தெரியும். வலிக்கிறது என்று சொல்லி மற்றவர்கள் பார்ப்பதைக் கெடுக்க அவருக்கு மனமில்லை. அதைக் கேட்ட கணத்தில் கிளம்பிவிட வேண்டும். இன்னும் ஓர் அறை, இன்னும் ஒரு மாடி என்று இழுத்தால் அந்த நாளின் மிச்சமும் போய்விடும்.

பக்கத்திலேயே அறை இருக்கும் நாளில் மாலை எப்படி இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். திரை இழுத்துவிட்டு எல்லோரும் படுத்து எழுந்தபின், நான்கு மணிக்கு அதே வாசலுக்குப் போகிறோம். காலையில் இருந்த வரிசை பெரும்பாலும் கரைந்திருக்கும். அம்மா ஒரு வெண்கலச் சிலையின் முன் நின்று, அதன் விரல் நகங்களைக் கூடச் செதுக்கியிருப்பதைப் பேரனுக்குக் காட்டுகிறார். அவன் தன் நகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறான். காலையில் அதே சிலையை இருவரும் தாண்டிப் போனவர்கள்தான்.

பாதியில் கிளம்பினால் பார்க்காமல் விட்டது எவ்வளவோ என்று தோன்றும். அந்த எண்ணத்தை எண்களே தீர்த்துவிடும். பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் காட்சியில் இருப்பவை ஏறத்தாழ 35,000. ஒவ்வொன்றுக்கும் பத்து விநாடி கொடுத்தாலும், சாப்பிடாமல் தூங்காமல் 97 மணி நேரம் ஆகும். முழுவதையும் பார்த்துவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாத இடத்தில், பாதியில் கிளம்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் நடுப்பகலில் திரும்புவதற்கு ஒரு தடை உண்டு. வெளியே வந்தபின் மறுபடி உள்ளே விடுவார்களா என்பது. நுழைவு இலவசமாக உள்ள இடங்களில் கவலையில்லை. லண்டனின் பிரிட்டிஷ் மியூசியத்துக்கும் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்கும் ஒரே நாளில் காலையும் போகலாம், மாலையும் போகலாம். லூவ்ரில் ஒருமுறை வெளியே வந்துவிட்டால் அந்த டிக்கெட் முடிந்தது. அதனால் டிக்கெட் வாங்கி நுழையும் இடத்தைக் காலை வேளைக்கு மட்டும் அல்லது ஓய்வுக்குப் பின் மாலைக்கு மட்டும் என்று வைத்துக்கொள்கிறேன். நேரம் குறித்த டிக்கெட் எடுப்பதற்கு முன்பே இதை முடிவு செய்துவிட வேண்டும். காலை 11 மணிக்கு நேரம் குறித்துக்கொண்டால், சரியாக உள்ளே சூடு பிடிக்கும் நேரத்தில் பிள்ளைகளுக்குப் பசி வரும்.

பக்கத்தில் தங்குவதன் இன்னொரு பலன் மாலை நேரத் திறப்பு. பல பெரிய அருங்காட்சியகங்கள் வாரத்தில் ஓரிரு நாள் இரவு வரை திறந்திருக்கின்றன. லூவ்ர் புதன், வெள்ளியில் இரவு 9 மணி வரை. பிரிட்டிஷ் மியூசியம் வெள்ளியில் 8.30 வரை, லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் வெள்ளியில் 10 வரை. மாட்ரிட்டின் பிராடோவில் திங்கள் முதல் சனி வரை மாலை 6 முதல் 8 வரை நுழைவே இலவசம். வெள்ளி மதியம் போய்ச் சேரும் குடும்பத்துக்கு இது கூடுதலாகக் கிடைக்கும் ஒரு பார்வை நேரம். அறை நகரின் ஓரத்தில் இருந்தால் வெள்ளி மாலை பெட்டியைச் சுமப்பதிலும் வழி கேட்பதிலுமே கழிந்துவிடும். நடந்து போகிற தூரத்தில் இருந்தால் பெட்டியை வைத்துவிட்டு, முகம் கழுவி, ஒரே ஒரு பகுதியைப் பார்த்துவிட்டு வந்து தூங்கலாம். சனிக்கிழமைக்கு அது நல்ல தொடக்கம்.

சரி, பக்கம் என்பதை எப்படி அளப்பது? முன்பதிவுத் தளங்கள் "மையத்திலிருந்து 800 மீட்டர்" என்று சொல்வதை நான் நம்புவதில்லை. பெரும்பாலும் அது வரைபடத்தில் நேர்க்கோடு போட்டு அளந்த தூரம். நடுவே ஆறு இருக்கும், ரயில் பாதை இருக்கும், கடக்க முடியாத அகலச் சாலை இருக்கும். பாலம் எங்கே என்று பார்த்தால் 800 மீட்டர் இரண்டு கிலோமீட்டராக நீண்டுவிடும். அதோடு "மையம்" என்று அவர்கள் சொல்வது நகராட்சிக் கட்டடமாகவோ பழைய சதுக்கமாகவோ இருக்கலாம். நமக்கு வேண்டியது அருங்காட்சியகத்தின் வாசல், அதுவும் பார்வையாளர் உண்மையில் நுழைகிற வாசல். பெரிய கட்டடத்தின் பின்புறத்தில் தங்கிவிட்டு முன்வாசலுக்குச் சுற்றி வருவதே ஒரு நடையாகிவிடும். வாஷிங்டனில் அருங்காட்சியகங்கள் வரிசையாக நிற்கும் நேஷனல் மால் என்ற நீண்ட திடல், வரைபடத்தில் பார்த்தால் ஒரே புல்வெளியாகத் தெரியும். நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து லிங்கன் நினைவகம் வரை அது சுமார் 3 கிலோமீட்டர். "மாலுக்கு அருகில்" என்ற விளம்பரம் அதன் எந்த முனைக்கு அருகில் என்று சொல்வதில்லை.

அதனால் வாசலிலிருந்து வாசலுக்கு நடை வழியை வரைபடத்தில் போட்டுப் பார்க்கிறேன். அது காட்டும் நிமிடங்கள் நல்ல கால்களுக்கு உரியவை. குழந்தையின் நடைக்கு அதை இரட்டிப்பாக்கிக்கொள்ள வேண்டும். பத்து நிமிடம் என்று காட்டினால் எங்களுக்கு இருபது. அதுதான் என் எல்லை. அதற்கு மேல் போனால், பகலில் திரும்பலாம் என்று திட்டம் போடுவோமே தவிர யாரும் திரும்ப மாட்டோம்.

நடந்து போகிற தூரத்தில் அறை அமையவில்லை என்றால், அடுத்து நல்லது மாறாமல் ஒரே வண்டியில் போகிற வழி. இங்கே நிறையப் பேர் மெட்ரோ நிலையம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். நிலையத்தில் லிஃப்ட் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. பாரிஸ் மெட்ரோ பழையது. அதன் பெரும்பாலான நிலையங்களில் படிக்கட்டுகள்தான், முழுத் தடமும் படியேறாமல் போக வசதியாக இருப்பது 14ஆம் தடம் மட்டும். குழந்தை வண்டியையும் முழங்கால் வலியையும் வைத்துக்கொண்டு அங்கே பஸ்ஸில் போவதே மேல். பஸ் மெதுவாகத்தான் போகும், ஆனால் ஏறுவதும் இறங்குவதும் சாலை மட்டத்தில் நடக்கிறது, ஜன்னல் வழியே ஊரும் தெரிகிறது.

எந்தப் பகுதியில் தங்குவது என்பது அந்த நகரம் தன் அருங்காட்சியகங்களை எங்கே வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. சில ஊர்களில் அவை கூட்டமாக இருக்கின்றன. லண்டனின் தெற்குக் கென்சிங்டனில் இயற்கை வரலாறு, அறிவியல், விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மூன்றும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. ரயில் நிலையத்திலிருந்து மழை படாமல் போக 1885இலேயே கட்டிய சுரங்க நடைபாதை இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ் மியூசியமும் வான்கோ அருங்காட்சியகமும் ஸ்டெடெலிக்கும் ஒரே திடலைச் சுற்றி. வியன்னாவில் பழைய அரச குதிரை லாயங்களை மாற்றி 2001இல் திறந்த மியூசியம்ஸ் குவார்ட்டியரில், பெரியவர்களுக்கான ஓவியக்கூடங்களோடு குழந்தைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் உண்டு. குடும்பத்தோடு முதல்முறை போகிறவர்களுக்கு நான் இப்படிப்பட்ட ஊர்களைத்தான் சொல்வேன். ஒருவருக்கு எலும்புக்கூடு, ஒருவருக்கு ஓவியம் என்று பிரிந்து போய், அறையில் சேர்ந்துகொள்ளலாம். சிதறிக் கிடக்கிற ஊராக இருந்தால், எல்லாவற்றுக்கும் நடுவில் ஓர் இடத்தைத் தேடுவது வீண். எதற்கும் பக்கமில்லாத இடமே அப்படிக் கிடைக்கும். மிக முக்கியமான ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் வாசலருகே தங்குங்கள்.

அந்த ஒன்று திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு அறையைப் பதிவு செய்யுங்கள். பெர்லினின் அருங்காட்சியகத் தீவில் ஐந்து அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. 1999இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற தீவு அது. அதன் பெயரைச் சொன்னாலே பலருக்கு நினைவு வருகிற பெர்காமன், புதுப்பிப்புக்காக 2023 அக்டோபரில் முழுதுமாக மூடப்பட்டது. வார விடுமுறை நாளும் இப்படித்தான். லூவ்ருக்குச் செவ்வாய், பாரிஸிலேயே ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கள். சனி, ஞாயிறோடு திங்களைச் சேர்த்துக்கொள்கிறவர்கள் எந்த வாசலருகே தங்குகிறோம் என்பதை அந்தத் திங்களை வைத்துப் பார்க்க வேண்டும்.

வார இறுதிக்கென்று தனியாக ஒரு விஷயம் உண்டு. அலுவலகங்கள் நிறைந்த பகுதிகளில் உள்ள ஓட்டல்கள் வார நாள்களில் நிரம்பி, வெள்ளி இரவு காலியாகின்றன. அதனால் சனி, ஞாயிறில் நல்ல அறைகளே அங்கே குறைந்த வாடகைக்குக் கிடைப்பதுண்டு. அருங்காட்சியகம் நடக்கிற தூரத்தில் இருந்தால் தயங்காமல் எடுக்கலாம். ஆனால் அலுவலகக்காரர்களை நம்பி நடக்கிற உணவகங்களும் கடைகளும் ஞாயிறன்று அடைத்துக் கிடக்கும். பசித்த பிள்ளையோடு சாத்திய கதவுகளைப் பார்த்துக்கொண்டு நடக்க நேரும். ஞாயிறு திறந்திருப்பது எது என்று முன்பே ஒன்றிரண்டைக் குறித்துக்கொண்டால் போதும். இதற்கு நேர்மாறானது இரவுக் கேளிக்கைத் தெரு. வார நாளில் அமைதியாக இருக்கும் தெரு, வெள்ளியும் சனியும் விடியும்வரை தூங்காது. அந்த விடுதியைப் பற்றி மற்றவர்கள் எழுதிய கருத்துகளில் வார இறுதியில் தங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடிப் படிப்பேன். செவ்வாய்க்கிழமை தங்கியவரின் "அமைதியான இடம்" எனக்கு உதவாது. தெருப் பக்கம் வேண்டாம், முற்றத்தைப் பார்த்த அறை வேண்டும் என்று கேட்டால் பல விடுதிகள் கொடுத்துவிடுகின்றன.

ஓட்டலா, சமையலறையோடு கூடிய வாடகை வீடா என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. நான்கைந்து நாள் என்றால் வீடு. இரண்டு இரவு என்றால் ஓட்டல். இதற்குக் காரணம் பெட்டிதான். போய்ச் சேரும் நாளில் அறை பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணிக்குத்தான் கைக்கு வரும். கிளம்பும் நாளில் பதினொன்று, பன்னிரண்டுக்குள் விட்டுவிட வேண்டும். ஓட்டலில் ரிசப்ஷனுக்குப் பக்கத்து அறையில் பெட்டிகளை வைத்துவிட்டுப் போகலாம். வாடகை வீட்டில் பெரும்பாலும் அதற்கு ஆள் இல்லை. அருங்காட்சியகத்தில் விட்டுவிடலாம் என்று எண்ண வேண்டாம். லூவ்ர் 55 × 35 × 20 செ.மீ.க்கு மேற்பட்ட பையை உள்ளேயே விடுவதில்லை. பிரிட்டிஷ் மியூசியம் சக்கரம் வைத்த பெட்டிகளையே ஏற்பதில்லை. ஞாயிறு முழுவதும் பெட்டியோடு அலைய யாருக்குத்தான் முடியும்?

அறைக்குள் பார்க்க வேண்டியவை சில. நான்கு பேர் என்று போட்டுத் தேடினாலும் சில இடங்களில் இரண்டு தனித்தனி அறைகளைக் காட்டிவிடுவார்கள், வெவ்வேறு மாடியில்கூட. இடைக்கதவு உள்ள இரட்டை அறைகளா, வெறுமனே பக்கத்துப் பக்கத்து அறைகளா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பகலில் தூங்க வேண்டுமென்றால் வெளிச்சம் புகாத கனத்த திரை முக்கியம். படங்களில் அது தெரியும். லிஃப்ட் இருக்கிறது என்று போட்டிருந்தாலும் வாசலிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி என்பதையும் கேளுங்கள். ஆம்ஸ்டர்டாமின் கால்வாய்க் கரை வீடுகளை விடுதியாக்கிய இடங்களில் படிக்கட்டு ஏணிபோலச் செங்குத்தாக இருக்கும். லிஃப்ட்டும் பல இடங்களில் இல்லை. அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருந்தும், அம்மாவால் நடுப்பகலில் ஏறிவர முடியாத அறை எங்களுக்குத் தூரத்து அறைதான்.

பணத்தை எங்கே மிச்சம் பிடிப்பது என்று கேட்டால், அறையின் அளவில், ஜன்னல் காட்சியில், காலை உணவில் பிடியுங்கள். தூரத்தில் பிடிக்காதீர்கள். நீச்சல் குளத்துக்கும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். குளம் இருந்தால் பிள்ளைகள் அதைவிட்டு வரமாட்டார்கள், நாம் போனது அதற்கில்லை. ஐரோப்பாவின் பல நகரங்களில் தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தங்கும் வரி தனியாக உண்டு. பதிவு செய்யும்போது காட்டிய தொகையில் அது சேராமல் இருக்கலாம், பிள்ளைகளுக்கு விலக்கு இருக்கலாம். ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் கட்டணத்தையே நான் எடுக்கிறேன், கொஞ்சம் கூடுதலானாலும். வெள்ளிக்கிழமை காலை காய்ச்சலோடு எழுந்திருப்பது குழந்தைகளின் வழக்கம்.

பதிவை உறுதி செய்யும் முன் விடுதிக்கே ஒருமுறை போன் செய்து பேசிவிடுவேன். பெட்டியைக் கடைசி நாள் மாலைவரை வைத்துக்கொள்வார்களா, லிஃப்ட்டுக்கு முன் படி உண்டா என்பதோடு, அறையை எத்தனை மணிக்குச் சுத்தம் செய்வார்கள் என்றும் கேட்கிறேன். இந்தக் கடைசிக் கேள்விதான் அவர்களுக்கு வியப்பாக இருக்கும். பல விடுதிகளில் சுத்தம் செய்யும் வேலை பிற்பகல்வரை நீளும். நாங்கள் படுக்க வந்து நிற்கிற நேரத்தில் விரிப்பெல்லாம் உருவிப்போட்ட கட்டில்தான் இருக்கும். "நாங்கள் காலை ஒன்பதுக்கே கிளம்பிவிடுவோம், பன்னிரண்டரைக்குத் திரும்பி வருவோம், அதற்குள் எங்கள் அறையை முதலில் முடித்துவிட முடியுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சம்மதிக்கிறார்கள். சாவியை ரிசப்ஷனில் கொடுத்துவிட்டு அருங்காட்சியகத்துக்குக் கிளம்பும் காலையிலும் இதை ஒருமுறை நினைவுபடுத்திவிட்டுப் போக வேண்டும், ஏனென்றால் போனில் பேசியவரும் அன்று ரிசப்ஷனில் இருப்பவரும் ஒரே ஆளாக இருக்க மாட்டார்கள்.